ஈச்சா, எவ்ரியா? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தோட்ட அலுவலகத்தார், எஸ்பிஎம் (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) மாணவர்கள், பெற்றோர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறோம். எல்லாக் கேள்விகளும் ஒரே குடும்பத்துச் சொற்களைப் பற்றியவை. ஈச், எவ்ரி, ஐதர், நைதர் என்ற நான்கையும் ஆங்கில இலக்கணம் டிஸ்ட்ரிபியூட்டிவ் டிட்டர்மினர் என்கிறது. ஒரு கூட்டத்தைப் பிரித்து, ஆளாளாக, பொருள் பொருளாகப் பேச உதவும் சொற்கள் இவை. நாம் ‘பங்கீட்டுச் சொற்கள்’ என்று வைத்துக்கொள்வோம். போத், ஆல் என்ற இரண்டும் இவற்றின் பங்காளிகள். கூடவே வந்து குழப்பும்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் கடைசியில் ‘ஸ்’ ஒலி இருக்கிறதா, இல்லையா என்பதைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தில் பாதி அந்த ‘ஸ்’ ஒலிதான்.

கேள்வி: என் ஆண்டு 5 பிள்ளைகள் ‘எவ்ரி ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் எ பேக்’ என்றே எழுதுகிறார்கள். திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். ‘ஒவ்வொரு’ என்றால் ஈச், எவ்ரி இரண்டும்தான் என்று கற்பிக்கிறேன். அது சரிதானா? — தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: அந்தப் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று அங்கேயும் இருக்கும். தமிழிலும் அது பிழைதான். ‘ஒவ்வொரு மாணவனும்’, ‘எல்லா மாணவர்களும்’ என்றுதான் வரவேண்டும். வகுப்பு முழுவதும் கண்முன் நிற்பதால் பிள்ளையின் மனம் பன்மைக்குத் தாவுகிறது. ஆகவே முதலில் தமிழைத் திருத்துங்கள். அங்கே ஒருமை பழகிவிட்டால் ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, ‘ஸ்’ கணக்கைக் கரும்பலகையில் காட்டுங்கள். ‘ஆல் ஸ்டூடண்ட்ஸ் வாக் டு ஸ்கூல்’. இங்கே ‘ஸ்’ பெயர்ச்சொல்லில் இருக்கிறது. ‘எவ்ரி ஸ்டூடண்ட் வாக்ஸ் டு ஸ்கூல்’. இங்கே அதே ‘ஸ்’ வினைச்சொல்லுக்குப் போய்விட்டது. சாதாரண நிகழ்கால வாக்கியத்தில் இருப்பது ஒரே ஒரு ‘ஸ்’. பெயரிடம் இருந்தால் வினையிடம் இல்லை, வினையிடம் இருந்தால் பெயரிடம் இல்லை. ‘சில்ட்ரன்’, ‘பீப்பிள்’ போல ‘ஸ்’ இல்லாமலே பன்மையாகும் சொற்களைத் தனியாகப் பழக்குங்கள். ‘எவ்ரி பீப்பிள்’ என்ற பிழை அங்கிருந்துதான் வருகிறது. ‘எவ்ரிஒன்’ அல்லது ‘எவ்ரி பர்சன்’ என்று எழுதவேண்டும்.

இனி ஈச், எவ்ரி வேறுபாடு. காலையில் பெரட்டுக் களத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்கள் பேர் கொடுக்கக் கூடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு, ஆளைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிரை ஒதுக்குகிறார். கண் ஓர் ஆளிடம் நின்று அடுத்த ஆளுக்குப் போகிறது. அது ஈச். பெரட்டு முடிந்து ‘ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள்’ என்று சொல்கிறார். அது எவ்ரி. தனித்தனியாகப் பார்ப்பது ஈச். ஒன்று விடாமல் சேர்த்துப் பார்ப்பது எவ்ரி. அதனால் பிள்ளைகளுக்கு ‘தனித்தனியாக’ என்றால் ஈச், ‘ஒன்று விடாமல்’ என்றால் எவ்ரி என்று சொல்லிக்கொடுங்கள். ‘ஒவ்வொரு’ என்ற ஒரே பொருளை இரண்டுக்கும் கொடுத்தால், எங்கே எது என்று பிள்ளைக்குப் பிடி கிடைக்காது.

எண்ணிக்கையும் உண்டு. ஈச் இரண்டிலிருந்து தொடங்கும். எவ்ரிக்குக் குறைந்தது மூன்று வேண்டும். ‘ஷி ஹேட் எ பேங்கிள் ஆன் ஈச் ரிஸ்ட்’ சரி. ‘எவ்ரி ரிஸ்ட்’ தவறு. மனிதருக்கு மணிக்கட்டு இரண்டுதானே.

ஈச் நுழைய முடியாத இடங்கள் சில. ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’, ‘நாட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் எவ்ரிதான் வரும்: ‘ஆல்மோஸ்ட் எவ்ரி ஹவுஸ்’, ‘நாட் எவ்ரி சைல்ட்’. ‘கிட்டத்தட்ட எல்லாம்’ என்று சொல்லக் கூட்டம் முழுவதும் பார்வையில் இருக்க வேண்டும். தனித்தனியாகப் பார்க்கும் ஈச்சுக்கு அந்தப் பார்வை கிடையாது. ‘முழுமையான’ என்ற பொருளிலும் எவ்ரிதான்: ‘யூ ஹேவ் எவ்ரி ரீசன் டு பி ப்ரௌட்’, பெருமைப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

மற்ற இடங்களில் இரண்டும் பொருந்தும். ‘ஈச் ரூம் ஹேஸ் எ ஃபேன்’, ‘எவ்ரி ரூம் ஹேஸ் எ ஃபேன்’ இரண்டும் சரி. இங்கே ஒன்றைத் தவறு என்று சிவப்பு மையால் அடிப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. சொல் வரலாறும் இந்த நெருக்கத்தைக் காட்டுகிறது: எவர், ஈச் என்ற இரண்டு சொற்களின் பழைய வடிவங்கள் ஒட்டிப்போய்த்தான் எவ்ரி பிறந்தது. எவ்ரிக்குள்ளேயே ஓர் ஈச் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: அலுவலக அறிவிப்பில் ‘த வொர்க்கர்ஸ் வில் ரிசீவ் 100 ரிங்கிட்’ என்று எழுதி ஒட்டினேன். ஆளுக்கு நூறா, எல்லாருக்கும் சேர்த்து நூறா என்று பெரிய சர்ச்சையாகிவிட்டது. எப்படி எழுதியிருக்க வேண்டும்? — தோட்டக் கிராணி (அலுவலக எழுத்தர்)

பதில்: கேட்டவர்கள் மேல் பிழையில்லை ஐயா. அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. தமிழில் ‘தலா’ அல்லது ‘ஆளுக்கு’ என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ஈச். அதை மூன்று இடங்களில் வைக்கலாம்.

பெயருக்கு முன்னால்: ‘ஈச் வொர்க்கர் வில் ரிசீவ் 100 ரிங்கிட்’. துணைவினைக்கும் வினைக்கும் நடுவில்: ‘த வொர்க்கர்ஸ் வில் ஈச் ரிசீவ் 100 ரிங்கிட்’. தொகைக்குப் பின்னால்: ‘த வொர்க்கர்ஸ் வில் ரிசீவ் 100 ரிங்கிட் ஈச்’. மூன்றும் ஒரே பொருள். முதல் வாக்கியத்தில் மட்டும் ‘வொர்க்கர்’ ஒருமை. மற்ற இரண்டிலும் ‘வொர்க்கர்ஸ்’ பன்மை. அறிவிப்புப் பலகைக்கு முதலாவதே நல்லது. பாதி படித்துவிட்டு நகர்கிறவருக்கும் செய்தி தெளிவாகப் போய்ச் சேரும்.

எவ்ரிக்கு இந்த மூன்றில் முதல் இடம் மட்டும்தான். ‘100 ரிங்கிட் எவ்ரி’ என்று ஆங்கிலத்தில் கிடையாது. எவ்ரி எப்போதும் ஒரு பெயர்ச்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டே வரும். ஈச்சால் தனியாக நிற்க முடியும்.

சேர்த்து ஒரே தொகை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள்: ‘த ஃபைவ் வொர்க்கர்ஸ் வில் ஷேர் 100 ரிங்கிட்’. ‘ஆல்’ போட்டால் தெளிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது. ‘ஆல் த வொர்க்கர்ஸ் வில் ரிசீவ் 100 ரிங்கிட்’ என்றாலும் அதே சர்ச்சை வரும். ஆல் என்பது யாரும் விடுபடவில்லை என்று சொல்லும். எப்படிப் பிரிப்பது என்று சொல்லாது.

நம் ஊர் வரலாற்றிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்குவது அதன் வழி. இதை ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஈச் மெம்பர் பாட் ஷேர்ஸ்’ என்பது சரி. பங்கு வாங்கியது தனித்தனி ஆள். ஆனால் ‘ஈச் மெம்பர் பாட் அன் எஸ்டேட்’ என்று எழுதினால் ஆளுக்கொரு தோட்டம் வாங்கியதாகிவிடும்! அங்கே ‘டுகெதர், த மெம்பர்ஸ் பாட் எஸ்டேட்ஸ்’ என்று வரவேண்டும். செயல் தனித்தனியானதா, கூட்டானதா என்று முதலில் தீர்மானியுங்கள், பிறகு எழுதுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர் என்பதால் இன்னொன்றையும் காட்டுகிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வார ஓய்வு நாளைப் பற்றிப் பேசுகிறது. ‘எவ்ரி எம்ப்ளாயீ ஷேல் பி அலவ்ட் இன் ஈச் வீக் எ ரெஸ்ட் டே’ என்று அது தொடங்குகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் வருகின்றன. தொழிலாளியில் ஒருவரும் விடுபடக்கூடாது; அங்கே எவ்ரி. வாரத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த வாரத்துக்கு ஒன்று, அடுத்த வாரத்துக்கு ஒன்று, அங்கே ஈச். இரண்டையும் இடம் மாற்றினாலும் வாக்கியம் பிழையாகாது. ஆனால் ஈச்சுக்கும் எவ்ரிக்கும் உள்ள நிறவேறுபாட்டை வகுப்பில் காட்ட இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எளிதில் அமையாது.

கேள்வி: ‘ஈச் ஆஃப் த பாய்ஸ்’ என்பதற்குப் பிறகு ‘ஹேஸ்’ வருமா, ‘ஹேவ்’ வருமா? பாய்ஸ் பன்மைதானே? — படிவம் 5 மாணவன்

பதில்: ‘ஹேஸ்’ தம்பி. வாக்கியத்தின் எழுவாய் ‘பாய்ஸ்’ அல்ல, ‘ஈச்’. ‘ஆஃப் த பாய்ஸ்’ என்ற பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படி: ‘ஈச்... ஹேஸ் எ பைசிக்கிள்’. வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பன்மைப் பெயர் கண்ணை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். ‘ஐதர் ஆஃப்’, ‘நைதர் ஆஃப்’ ஆகியவற்றுக்கும் இதே விரல் சோதனை பொருந்தும். பேச்சில் ‘நைதர் ஆஃப் தெம் ஆர்’ என்று ஆங்கிலேயரே சொல்வதுண்டு. தேர்வில் நீ ஒருமையை எழுது.

ஈச் பின்னால் போய்விட்டால் கதை மாறும். ‘த பாய்ஸ் ஈச் ஹேவ் எ பைசிக்கிள்’. இங்கே எழுவாய் ‘த பாய்ஸ்’. அது பன்மை, அதனால் ‘ஹேவ்’. வினையை முடிவுசெய்வது முதலில் நிற்கும் எழுவாய்.

‘ஆஃப்’ வந்தால் மூன்றைக் கவனி. அதற்குப் பின்னால் ‘த’, ‘மை’, ‘தீஸ்’ போல ஒரு சொல் வேண்டும்; ‘ஈச் ஆஃப் பாய்ஸ்’ தவறு, ‘ஈச் ஆஃப் த பாய்ஸ்’ சரி. பெயர் பன்மையில் இருக்க வேண்டும்; ‘ஈச் ஆஃப் த பாய்’ தவறு. எவ்ரிக்குப் பின்னால் நேராக ‘ஆஃப்’ வராது. ‘எவ்ரி ஒன் ஆஃப் த பாய்ஸ்’ என்று நடுவில் ‘ஒன்’ போட வேண்டும். அந்த ‘எவ்ரி ஒன்’ இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதப்படும். ‘எல்லாரும்’ என்ற பொருளில் வரும் ‘எவ்ரிஒன்’ ஒரே சொல்.

இன்னொரு பொறி: ‘எவ்ரி மேன் அண்ட் வுமன் இன் த எஸ்டேட் நோஸ் ஹிம்’. ‘அண்ட்’ இருந்தாலும் முன்னால் எவ்ரி நிற்பதால் ஒருமைதான்.

கேள்வி: ஐதரா, ஈதரா? எது சரியான உச்சரிப்பு? — வாசகி

பதில்: இரண்டும் சரி. பிரிட்டனில் ஐதர் மிகுதி, அமெரிக்காவில் ஈதர் மிகுதி. நைதர், நீதர் இரண்டுக்கும் அதே பதில். ஒரு பேச்சுக்குள் ஒன்றையே பிடித்துக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும்.

கேள்வி: ஈப்போவுக்கு இரண்டு பஸ், இரண்டுமே வரவில்லை. என் மகள் ‘போத் த பஸஸ் டிட் நாட் கம்’ என்று எழுதினாள். ஆசிரியர் அடித்துவிட்டார். எனக்குச் சரியாகத்தானே படுகிறது? — ஒரு தாயார்

பதில்: அம்மா, உங்களுக்குச் சரியாகப் படுவதற்குத் தமிழ்தான் காரணம். நம் ‘உம்’ வல்லமை படைத்தது. ‘இரண்டும் வந்தன’, ‘இரண்டும் வரவில்லை’ என்று உடன்பாட்டுக்கும் எதிர்மறைக்கும் அதே ‘இரண்டும்’ போதும். ஆங்கிலம் அந்த இடத்தில் சொல்லையே மாற்றிவிடுகிறது. இரண்டும் வந்தால் ‘போத் பஸஸ் கேம்’. இரண்டும் வராவிட்டால் ‘நைதர் பஸ் கேம்’.

அந்த இரண்டாவது வாக்கியத்தை மகளோடு உட்கார்ந்து மெதுவாகப் பாருங்கள். நைதருக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது, அதனால் ‘டிட் நாட்’ வேண்டாம். ‘நைதர் பஸ் டிட் நாட் கம்’ என்றால் இரண்டு ‘இல்லை’ சேர்ந்துவிடும். பெயரும் ஒருமைக்கு வந்துவிட்டது. ‘பஸஸ்’ அல்ல, ‘பஸ்’. ‘ஆஃப்’ சேர்த்தால் ‘நைதர் ஆஃப் த பஸஸ் கேம்’ என்று பன்மை திரும்பி வரும்.

மகள் எழுதியதில் என்ன கெடுதல்? ‘போத்... நாட்’ என்று கேட்கும் ஆங்கிலக் காதுக்கு இரண்டும் வரவில்லையா, இரண்டில் ஒன்று மட்டும் வந்ததா என்ற ஐயம் எழுகிறது. ‘ஐ டோன்ட் வாண்ட் போத்’ என்று கடையில் சொன்னால் ‘சரி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்’ என்று ஒன்றைக் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டுமே வேண்டாம் என்றால் ‘ஐ டோன்ட் வாண்ட் ஐதர்’ அல்லது ‘ஐ வாண்ட் நைதர்’.

பஸ் மூன்றாகிவிட்டால் நைதரும் கிடையாது: ‘நன் ஆஃப் த த்ரீ பஸஸ் கேம்’. எதிர்மறையில் எவ்ரியும் இதே மாதிரி காலை வாரும். ‘எவ்ரி ஸ்டூடண்ட் டிட் நாட் பாஸ்’ என்றால் யாருமே தேறவில்லையா, சிலர் தேறவில்லையா என்று தெரியாது. யாரும் தேறவில்லை என்றால் ‘நோ ஸ்டூடண்ட் பாஸ்ட்’. எல்லாரும் தேறவில்லை, சிலர் தேறினார்கள் என்றால் ‘நாட் எவ்ரி ஸ்டூடண்ட் பாஸ்ட்’.

‘இரண்டில் ஒன்று’ என்றால் உடனே ஐதர் என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. ‘இரண்டில் ஒரு பஸ் வந்தது’ என்பது நடந்து முடிந்த செய்தி; வந்தது எது என்பது முடிவாகிவிட்டது. அங்கே ‘ஒன் ஆஃப் த டூ பஸஸ் கேம்’. ஐதர் என்பது ‘எதுவானாலும் சரி’ என்று வாய்ப்பைத் திறந்து வைக்கும் சொல்: ‘யூ கேன் டேக் ஐதர் பஸ்’, எந்த பஸ்ஸில் ஏறினாலும் போகலாம். ஐதருக்குப் பின்னாலும் பெயர் ஒருமை.

இதற்கு விலக்குப் போலத் தோன்றும் ஒரு வழக்கு உண்டு. ‘தேர் ஆர் ஷாப்ஸ் ஆன் ஐதர் சைட் ஆஃப் த ரோட்’ என்றால் சாலையின் ஏதோ ஒரு பக்கம் அல்ல, இருமருங்கும் கடைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை என்ற எண்ணத்திலிருந்து வந்த பொருள் அது. ‘சைட்’, ‘எண்ட்’, ‘ஹேண்ட்’ போன்ற இரட்டைப் பொருள்களோடு இப்படி வரும். வாசிப்புப் பகுதிகளில் நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

ஒன்று மட்டும் பாக்கி. ‘என் இரண்டு பிள்ளைகளும்’ என்ற தமிழ் வரிசையில் ‘மை போத் சில்ட்ரன்’ என்று எழுதக்கூடாது. போத் முன்னால் வரும்: ‘போத் மை சில்ட்ரன்’.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு ஒருநாள் விட்டு ஒருநாள். இதை ‘எவ்ரி ஒன் டே’ என்று அறிக்கையில் எழுதினேன். மேலாளர் ‘எவ்ரி டே’ என்று புரிந்துகொண்டார். இரண்டு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு என்பதையெல்லாம் எப்படிச் சொல்வது? — மண்டோர்

பதில்: நல்ல கேள்வி ஐயா. மருந்துச் சீட்டு, சம்பளக் கணக்கு, பஸ் நேரம் எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

தமிழ் ‘விட்டு’ என்று சொல்லி, வேலை செய்யாத நாள்களை எண்ணுகிறது. ஆங்கிலம் ஒரு வேலை நாளிலிருந்து அடுத்த வேலை நாளுக்கு எத்தனை அடி என்று எண்ணுகிறது. ஆகவே தமிழ் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ‘எவ்ரி டூ டேஸ்’. அதையே ‘எவ்ரி செகண்ட் டே’ என்றும், ‘எவ்ரி அதர் டே’ என்றும் சொல்லலாம். இரண்டு நாள் விட்டு என்றால் ‘எவ்ரி த்ரீ டேஸ்’ அல்லது ‘எவ்ரி தர்ட் டே’. மூன்று நாள் விட்டு என்றால் ‘எவ்ரி ஃபோர் டேஸ்’.

ரப்பர் வெட்டு முறைக் குறியீட்டிலும் இதே கணக்கு இருக்கிறது. டி/2 என்றால் இரண்டு நாளுக்கு ஒரு வெட்டு, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள். டி/3 என்றால் மூன்று நாளுக்கு ஒரு வெட்டு. திங்கள் வெட்டினால் அடுத்தது வியாழன். அந்தக் குறியீட்டின் எண்ணை அப்படியே எவ்ரிக்குப் பின்னால் போட்டால் வாக்கியம் சரியாக வரும்.

ஒருமை பன்மையில் கவனம் வேண்டும். ‘டூ’, ‘த்ரீ’ என்ற எண் வந்தால் ‘டேஸ்’. ‘செகண்ட்’, ‘தர்ட்’ என்ற வரிசை எண் வந்தால் ‘டே’. எவ்ரிக்குப் பின்னால் பன்மை வருவதற்கு அனுமதி உள்ள இடம் இதுதான். மூன்று நாளும் சேர்ந்து ஒரு கட்டாகக் கருதப்படுவதால் அந்தச் சலுகை. இங்கே ஈச் நுழையாது; ‘ஈச் த்ரீ டேஸ்’ என்று எழுதாதீர்கள்.

மரத்துக்கும் இதே முறை. செம்பனையில் சத்துச் சோதனைக்கு 17-ஆம் மட்டையிலிருந்து ஓலை எடுக்கும்போது, பத்து நிரைக்கு ஒரு நிரை, அந்த நிரையில் பத்து மரத்துக்கு ஒரு மரம் என்று தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘எவ்ரி டென்த் பாம் இன் எவ்ரி டென்த் ரோ’. நூறு மரத்துக்கு ஒரு மரம். இதை ‘ஈச் டென் பாம்ஸ்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் பத்துப் பத்து மரத்திலும் ஓலை எடுக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிடலாம்.

கேள்வி: ‘எவ்ரிடே’, ‘எவ்ரி டே’ இரண்டும் ஒன்றா? — கடைக்காரர்

பதில்: இல்லை. பிரித்து எழுதினால் ‘தினமும்’: ‘வி ஆர் ஓப்பன் எவ்ரி டே’. சேர்த்து எழுதினால் ‘அன்றாட’: ‘எவ்ரிடே கிளோத்ஸ்’, வீட்டில் அன்றாடம் உடுத்தும் துணி. நடுவில் ‘சிங்கிள்’ என்ற சொல்லைச் செருகிப் பாருங்கள். ‘எவ்ரி சிங்கிள் டே’ என்று பொருந்தினால் பிரித்து எழுதவேண்டும். கடைப் பலகைக்குப் பிரித்து எழுதியதுதான்.

கேள்வி: மலாயில் ‘செத்தியாப்’, ‘மாசிங்-மாசிங்’ இரண்டையும் எங்கள் மாணவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து ஆங்கிலத்தை விளக்கலாமா? — இடைநிலைப்பள்ளி ஆசிரியர்

பதில்: விளக்கலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்து விளக்க வேண்டும். ‘மாசிங்-மாசிங்’ நல்ல துணை. ‘மெரெக்கா மெம்பாவா பெக்கால் மாசிங்-மாசிங்’ என்பதை ‘தே ஈச் பிராட் தேர் ஓன் ஃபுட்’ என்று சொல்லலாம். ஈச் தனித்து நிற்பது மாணவருக்கு உடனே புரியும். மலாயில் அது கடைசியில் வருவதால் ‘தே பிராட் ஃபுட் ஈச் ஈச்’ என்று எழுதிவிடுவார்கள். ஈச்சை வினைக்கு முன்னால் கொண்டுவரப் பழக்குங்கள்.

‘செத்தியாப்’ பாதி உதவும். ‘செத்தியாப் பெலாஜார்’ என்பதில் பெயர் இரட்டிக்காது. எவ்ரிக்குப் பின் ஒருமை என்பதை அதை வைத்தே பதியவைக்கலாம். ஆனால் மலாய் வினைச்சொல் எழுவாயின் எண்ணுக்கேற்ப மாறாது. எனவே ‘எவ்ரி ஸ்டூடண்ட் வாக்’ என்று வினையின் ‘ஸ்’ விடுபடும். அதைத் தனியாகத்தான் கற்பிக்க வேண்டும்.

நைதரில்தான் உண்மையான இடர். ‘கெடுவா-டுவா பாஸ் தீடாக் டாத்தாங்’ என்று மலாயும் தமிழைப் போலவே ‘இரண்டும் வரவில்லை’ என்கிறது. நம் பிள்ளை அறிந்த இரண்டு மொழியும் ஒரே திசையில் இழுக்கின்றன. ஆங்கிலம் மட்டும் வேறு பக்கம் போகிறது. ஆகவே நைதருக்கு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பயிற்சி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: எஸ்பிஎம் ஆங்கில முதல் தாளில் இடம் நிரப்பும் பகுதியில் இந்தச் சொற்கள் வந்தால் எப்படி விரைவாகத் தேர்ந்தெடுப்பது? — படிவம் 5 மாணவி

பதில்: கோடிட்ட இடத்தை அல்ல, அதற்கு அடுத்த சொல்லை முதலில் பார். ஒருமைப் பெயரா, பன்மைப் பெயரா, ‘ஆஃப்’பா? பன்மைப் பெயர் நேராக வந்தால் போத், ஆல் இரண்டில் ஒன்று. ‘ஆஃப்’ வந்தால் எவ்ரியை அடித்துவிடு. ஒருமை வந்தால் போத்தை அடித்துவிடு. பிறகு எத்தனை என்று பார்; இரண்டு என்றால் எவ்ரி போய்விடும், மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் ஐதரும் நைதரும் போய்விடும். கடைசியாக வாக்கியத்தின் பொருள் இல்லை என்கிறதா, வினையில் ஏற்கெனவே ‘நாட்’ இருக்கிறதா என்று பார். பொருள் எதிர்மறையாக இருந்து வினையில் ‘நாட்’ இல்லாவிட்டால் நைதர். ‘நாட்’ இருந்தால் ஐதர். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் ஒரு விடைதான் மிஞ்சும்.

ஐந்து வாக்கியம் செய்து பார். கோட்டில் ஈச், எவ்ரி, ஐதர், நைதர், போத் என்ற ஐந்தில் ஒன்றைப் போடு. ஒரு சொல் ஒருமுறைதான்.

1. ‘___ பேரண்ட்ஸ் வொர்க் இன் த எஸ்டேட்’ — தாய், தந்தை இருவரும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள்.
2. ‘த ட்வின்ஸ் ___ ஹேவ் எ ரூம்’ — இரட்டையர் இருவருக்கும் தனித்தனி அறை.
3. ‘ஆல்மோஸ்ட் ___ ஃபேமிலி கேம் டு த டெம்பிள்’ — கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் கோயிலுக்கு வந்தது.
4. ‘___ ஆஃப் மை டூ பென்ஸ் வொர்க்ஸ்’ — என் இரண்டு பேனாவும் எழுதவில்லை.
5. ‘ஐ டோன்ட் நோ ___ ஆஃப் த டூ டீச்சர்ஸ்’ — அந்த இரண்டு ஆசிரியர்களையும் எனக்குத் தெரியாது.

விடைகள்: 1-இல் போத், ‘பேரண்ட்ஸ்’ பன்மை, ஆள் இரண்டு. 2-இல் ஈச், எழுவாய் ‘ட்வின்ஸ்’ பன்மை என்பதால் ‘ஹேவ்’ வந்திருக்கிறது. போத் போட்டாலும் இலக்கணம் இடம் தரும், ஆனால் இருவருக்கும் ஒரே அறையா, தனி அறையா என்பது தெரியாமல் போகும். 3-இல் எவ்ரி, ‘ஆல்மோஸ்ட்’ பின்னால் ஈச் வராது. 4-இல் நைதர், பொருள் எதிர்மறை, ஆனால் வினையில் ‘நாட்’ இல்லை. 5-இல் ஐதர், ‘டோன்ட்’ ஏற்கெனவே இருப்பதால் நைதருக்கு அங்கே இடமில்லை.